நெஞ்சுவலி சீமான்களின் வியாதியா?

"நெஞ்சுவலி பணக்கார வியாதி. பஞ்சு மெத்தையில் புரண்டு, நெய்யும் கறியுமாகத் தின்று கொழுத்தவனுக்கு வருவது. மண்வெட்டி பிடித்தவனுக்கும் தறி ஓட்டியவனுக்கும் அது கிட்டே வராது." இப்படி ஒரு பேச்சு நம் கிராமங்களில் நெடுநாளாக உலவி வருகிறது. யார் கட்டிவிட்ட கதையோ, நாம் அறியோம். ஆனால் இந்தக் கதையால் லாபம் அடைகிறவர்கள் யார் என்பதை அறிவோம். உழைக்கிறவனுக்கு இந்த வியாதியே வராது என்றால், அவன் குடியிருக்கும் ஊரில் இ.சி.ஜி. மெஷின் எதற்கு? ராத்திரியில் டாக்டர் எதற்கு? ஆம்புலன்ஸ் எதற்கு? எல்லாம் செலவு மிச்சம்!

பாகூர் கம்யூனில் தென்பெண்ணைக் கரையோரம் இருக்கிறது சோரியாங்குப்பம். நெல், கரும்பு, சவுக்கு, கூலிவேலை, இவைதான் ஜீவனம். பழைய மில் தொழிலாளர் குடும்பங்களும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடலூர். புதுச்சேரி நகரமோ இருபது கிலோமீட்டருக்கு மேல். அங்கே ஒரு மாலை நாம் போயிருந்தபோது கூலி உயர்வைப் பற்றிப் பேசத்தான் போனோம். ஆனால் ஜனங்கள் பேசியது வேறு. சில நாட்களுக்கு முன் களத்தில் நெற்கட்டு தூக்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, ஐம்பது வயதுகூட ஆகாதவர், காலை ஒன்பது மணிக்கு "நெஞ்சை அடைக்குது" என்று உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. "வாயு" என்றார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். மத்தியானம் ஒரு ஊசிக்காரர் வந்து "வாய்வுப் பிடிப்பு" என்று ஊசி போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். அந்தி சாய்ந்த பிறகு வண்டி பிடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அவருடைய மனைவி அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள். கேள்விமேல் கேள்வி. இரண்டு மணி நேரம் ஓடிப்போயிற்று, கூலி உயர்வை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அந்தக் கேள்விகளுக்கு, டாக்டர்களிடமும் நூல்களிலும் தெரிந்துகொண்டு, இங்கே பதில் சொல்கிறோம். கூடவே, இந்தக் கேள்விகள் எழாமல் பார்த்துக்கொள்ளும் கனவான்களுக்கும் பதில் சொல்கிறோம்.

முதல் கேள்வியே நெற்றிப்பொட்டில் அடித்த கேள்வி. "வாயுவா, மாரடைப்பான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நூறு சதவிகிதம் நிச்சயமாக உங்களுக்குத் தெரியாது தோழரே. டாக்டருக்கே வெறும் கண்ணால் தெரியாது. அதனால்தான் மெஷின் கேட்கிறோம். ஆனால் சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் உண்டு. நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்து அழுத்துவதுபோல், கயிறு போட்டு இறுக்குவதுபோல் ஒரு பாரம். அது இடது கைக்கோ, இரண்டு கைகளுக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ, மேல்வயிற்றுக்கோ பரவும். குப்பென்று வேர்க்கும். குமட்டும். மூச்சு முட்டும். மேல்வயிற்றில் வருகிற இந்த வலியைத்தான் நம்மவர்கள் வாயு என்று சொல்லி சோடாவைத் தேடி ஓடுகிறார்கள். ஏப்பம் வந்தால் "பார்த்தாயா, வாயுதான்" என்கிறார்கள். மாரடைப்பிலும் ஏப்பம் வரும். ஏப்பம் ஒரு சாட்சி அல்ல.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும், வயதானவர்களுக்கும், பெண்களுக்கும் இந்த வலியே இல்லாமலும் வரலாம். வெறும் மூச்சுத்திணறல், காரணமில்லாத அசதி, வேர்வை, அவ்வளவுதான். நடவுக்குப் போகிற பெரியம்மா "ஒரு மாதிரியா இருக்குது" என்று வரப்பில் உட்கார்ந்தால், "வெயில்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, அழுத்தினால் கூடுகிற, ஊசி குத்துவதுபோன்ற வலி பெரும்பாலும் சதைவலி. ஆனால் அதையும் நாமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இன்னொரு வகை உண்டு. கட்டு தூக்கும்போது, மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது நெஞ்சு இறுகும், நின்றால் சில நிமிஷத்தில் விட்டுப்போகும். "நின்னா போயிடுது, ஒண்ணுமில்லை" என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அது ஒன்றுமில்லை அல்ல. ரத்தக்குழாய் குறுகிவிட்டது என்ற முன்னறிவிப்பு அது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் வரத் தொடங்கினாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, அது முன்னறிவிப்பு அல்ல, அபாயச் சங்கு.

மாரடைப்பு என்றால் என்ன? இருதயம் ஒரு சதை. ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற அந்தச் சதைக்கும் ரத்தம் வேண்டும். அதற்கென்று தனிக் குழாய்கள் இருக்கின்றன. பாகூர் ஏரியிலிருந்து வயலுக்கு வாய்க்கால் போவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் உட்சுவரில் பல வருஷமாகக் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, வாய்க்கால் அடைபட்டுவிடுகிறது. கடைமடைப் பயிர் கருகத் தொடங்குகிறது. நிமிஷத்துக்கு நிமிஷம் கருகும் பரப்பு விரிகிறது. கருகிய பயிர் மறுபடி துளிர்க்காது. ஆகவேதான் அவசரம். அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு, 12 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு, முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் மிக அதிகம். அல்லது மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூன் வைத்து அடைப்பைத் திறந்து, 'ஸ்டென்ட்' என்னும் கம்பிச் சல்லடைக் குழலை உள்ளே வைத்துவிடலாம். அதற்கு வசதியுள்ள ஆஸ்பத்திரி குறித்த நேரத்துக்குள் எட்டுகிற தூரத்தில் இருந்தால் அதுவே மேல். இல்லையென்றால் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

இப்போது கனவான்களின் வாதத்துக்கு வருவோம். "ஏழைகள் அறியாமையால் தாமதமாக வருகிறார்கள், அதனால் சாகிறார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள். பத்திரிகையில் எழுதுகிறார்கள், மேடையில் பேசுகிறார்கள், இருதய தினம் வந்தால் பலூன் பறக்கவிடுகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டெனிஸ் சேவியர் முதலியோர் இந்தியாவின் 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்து எழுதிய ஆராய்ச்சி 2008இல் 'லான்செட்' என்னும் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் சீமான்கள் அல்ல, கீழ் நடுத்தரக் குடும்பங்களும் ஏழைகளுமே. அங்கேயே "பணக்கார வியாதி" கதை செத்தது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி சேர ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிஷம், அதாவது ஆறு மணி நேரம். 30 நாட்களுக்குள் செத்தவர்கள், பணக்காரர்களில் 5.5 சதவிகிதம், ஏழைகளில் 8.2 சதவிகிதம். ஏன்? பலூன் சிகிச்சை கிடைத்தது பணக்காரர்களில் 15.3 சதவிகிதத்தினருக்கு, ஏழைகளில் வெறும் 2 சதவிகிதத்தினருக்கு! பைபாஸ் ஆபரேஷன் 7.5க்கு 0.7! கொழுப்பைக் குறைக்கும் சாதாரண மாத்திரைகூட 61.2க்கு 36!

இன்னும் கேளுங்கள். சிகிச்சையில் இருந்த இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சரிசெய்து பார்த்தபோது, சாவில் இருந்த வித்தியாசம் மறைந்தே போயிற்று. ஏழையின் இருதயம் மட்டமான சரக்கால் செய்யப்பட்டதல்ல. அவன் ரத்தத்தில் அறியாமை ஓடவில்லை. பணக்காரனுக்குக் கொடுத்ததை அவனுக்கும் கொடுத்திருந்தால் அவனும் பிழைத்திருப்பான். இதைச் சொல்வது நாமல்ல, டாக்டர்களின் கணக்கு சொல்கிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யார் நம் முகத்தைப் பார்த்து "அறியாமை" என்று பேசுவது?

அந்த ஆறு மணி நேரமாவது அறியாமையா? அன்றைய கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் அடுப்பு எரியாது. கடைசி பஸ் போய்விட்டால் வாடகைக் காருக்குக் கடன் கேட்க வேண்டும். "எதுக்கும் நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்கிறவன் அறிவில்லாமல் சொல்லவில்லை, மடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்.

உலகம் முழுவதும் இதே கதைதான். 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த 'ப்யூர்' என்ற ஆராய்ச்சியின் முடிவு 2014இல் வந்தது. நோய்க்கு வழிசெய்யும் காரணங்கள் பணக்கார நாட்டாரிடம்தான் அதிகம். ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்து செத்தவர்கள் ஏழை நாடுகளில்தான் அதிகம். அங்கே நோயைக் கண்டுபிடிக்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், விழுந்தால் தூக்குகிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

"அப்போ உடனே என்ன செய்யணும்?" என்று கேட்டார் ஒரு இளைஞர். சந்தேகம் வந்ததும் வேலையை நிறுத்துங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். சைக்கிளில் வைத்து மிதிக்கச் சொல்லாதீர்கள். உட்கார வைத்து 108க்குப் போன் செய்யுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர், ரத்தவாந்தி, குடல்புண் ரத்தக்கசிவு உள்ளவர் தவிர மற்றவர்களுக்கு 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாம், 108இல் பேசுகிறவரைக் கேட்டுக்கொண்டே கொடுங்கள். விழுங்கக் கூடாது, மெல்ல வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் வேலை செய்யும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது ஆளையே வீழ்த்திவிடும். "பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பு நின்றுவிடும்" என்று செல்போனில் சுற்றுகிற செய்தி சுத்தப் புளுகு. அதை நம்பி இருமிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

ஆள் மயங்கி விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை என்றால் அது வேறு. இருதயம் நின்றுவிட்டது. அப்போது 108க்குச் சொல்லிவிட்டு, நடு நெஞ்செலும்பின்மேல் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு அங்குல ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி விட வேண்டும். வண்டி வரும்வரை நிறுத்தக் கூடாது. ஒருவர் களைத்தால் அடுத்தவர். நெல் தூற்றுகிற கைகளுக்கு இது பாரமா? ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேராவது இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"இ.சி.ஜி. நல்லா இருக்குதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ராத்திரி செத்துட்டாரே?" என்று இன்னொருவர் தன் உறவினரைப் பற்றிக் கேட்டார். முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். வலி நிற்காவிட்டால் மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். 'ட்ரோபோனின்' என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது, இருதயச் சதை சேதமடைந்தால் அது ரத்தத்தில் காட்டிக்கொடுத்துவிடும், அதையும் சில மணி நேரம் விட்டு இன்னொரு முறை பார்ப்பார்கள். "மறுபடி எடுங்கள் ஐயா" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இனி ஸ்டென்ட் விவகாரம். இதில் நடந்த பகற்கொள்ளையைத் தொழிலாளிகள் மறக்கக் கூடாது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று சராசரி 1 லட்சத்து 21 ஆயிரம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. ஒரு வக்கீல் டில்லி ஹைகோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். 2016இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய சர்க்காரின் மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைத்தது: மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், பூசாததற்கு 7,260 ரூபாய். அப்போது ஆணையம் வெளியிட்ட கணக்கைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சில ஆஸ்பத்திரிகள் வைத்த லாபம் 654 சதவிகிதம் வரை! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் படுத்திருப்பவனிடம், மனைவி தாலியைக் கழற்றிக்கொண்டு வெளியே நிற்கையில், ஆறரை மடங்கு லாபம்! வட்டிக்கடைக்காரனே வெட்கப்படுவான்.

விலை குறைந்ததும் என்ன நடந்தது? அப்பாட் என்னும் அமெரிக்கக் கம்பெனி தன் உயர்ரக ஸ்டென்ட்கள் சிலவற்றை இந்திய மார்க்கெட்டிலிருந்து வாபஸ் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டது. லாபம் இல்லாவிட்டால் உயிரும் வேண்டாம் என்ற தத்துவம்! வரம்பு நீடித்தது. ஆனால் மொத்தவிலைக் குறியீட்டைக் காட்டி வருஷா வருஷம் விலை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 2023லேயே மருந்து பூசியது 38 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஸ்டென்ட் விலைக்கு வரம்பு உண்டு, அறை வாடகைக்கும் 'பேக்கேஜ்' பில்லுக்கும் அந்த வரம்பு இல்லை என்பதையும் கவனியுங்கள். பில் வாங்கும்போது ஸ்டென்ட் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

இதில் இன்னொரு பித்தலாட்டமும் உண்டு. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிர்காக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் நடந்தால் வலி, நின்றால் சரி என்று நிலையாக இருக்கும் நோயாளியிடம் "நாளைக்கே போய்விடுவாய், இன்றைக்கே வைத்துக்கொள்" என்று மிரட்டி நிலத்தை விற்க வைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு விஞ்ஞானம் பதில் சொல்லிவிட்டது. 2007இல் 'கரேஜ்', 2020இல் 5,179 பேரைக் கொண்ட 'இஸ்கீமியா' என்ற இரண்டு பெரிய ஆராய்ச்சிகளும், அத்தகைய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நல்ல மாத்திரைச் சிகிச்சையோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்ப்பதால் சாவு குறையவில்லை, வலி குறைகிறது என்றே கண்டன. பிரதானக் குழாயில் அடைப்பு, இருதயம் பலவீனம் என்றால் விஷயம் வேறு. ஆகவே அவசரம் எது, அவசரமில்லாதது எது என்று கேளுங்கள். நிலையான நோயாளிக்கு இரண்டாவது டாக்டரைக் கேட்க நேரம் உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, நம் வரிப்பணத்தில் நடக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். ஆனால், மறுபடி சொல்கிறோம், நெஞ்சு பாரம் நிற்காமல் அழுத்திக்கொண்டிருக்கையில் இரண்டாவது டாக்டரைத் தேடி அலையாதீர்கள்!

"ஸ்டென்ட் வைச்சாச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" இந்தக் கேள்வியைப் பல பேர் கேட்டார்கள். ஸ்டென்ட் திறப்பது ஒரு இடத்தை. வியாதி குழாய் முழுவதும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை, மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக ஒரு வருஷம் சேர்ந்து சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். அதன் பின்னும் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தொடரும். விலை கூடுதலான கம்பெனிப் பெயரில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, அதே மருந்து மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படியே. "இப்போ அழுத்தம் சரியா இருக்குதுன்னு நிறுத்திட்டேன்" என்றார் ஒரு பெரியவர். மாத்திரை சாப்பிடுவதால்தான் சரியாக இருக்கிறது, பெரியவரே!

எல்லாவற்றுக்கும் சர்க்காரையும் முதலாளியையும் குறை சொல்லிவிட்டு நம் வீட்டுக் குப்பையை மூடி மறைப்பது நம் வழக்கமல்ல. பீடி! நாளுக்கு ஒரு கட்டு ஊதுகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. சிகரெட்தான் கெடுதல், பீடி இலைதானே என்று சமாதானம் வேறு. இருதயத்துக்கு இரண்டும் விஷம்தான். சாராயம்! எல்லையோரக் கிராமங்களில் பள்ளிக்கூடத்தைவிட மதுக்கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். கூலி வாங்கியதும் கால் அங்கே போகிறது. "அளவா குடிச்சா நெஞ்சுக்கு நல்லது" என்று யாரோ படித்தவர் சொன்னாராம். அப்படி எந்த அளவும் கிடையாது. குடி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இருதயத் துடிப்பைத் தாறுமாறாக்குகிறது, வருஷக்கணக்கில் குடித்தால் இருதயச் சதையே தளர்ந்து ஊதிப்போகிறது. மதுவில் வரும் வருமானத்தை எண்ணுகிற சர்க்கார், அதனால் விதவையாகும் பெண்களையும் எண்ணட்டும். அது வேறு சண்டை, அதையும் போடுவோம். ஆனால் கிளாஸைக் கீழே வைக்க சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கருவாடும் ஊறுகாயும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்குமேல் கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பழமும் காய்கறியும் தின்னுங்கள் என்று சொல்கிற நிபுணர், அதை வாங்கக் கூலி யார் தருவது என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒரு பழைய மில் தொழிலாளி எழுந்து, "வேலைக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தம் இல்லியா?" என்று கேட்டார். ரோடியர் மில் சங்கு ஊதிய காலத்திலிருந்து வேலை செய்தவர். மில்களோ 2020இல் மூடப்பட்டுவிட்டன. சம்பந்தம் இருக்கிறது தோழரே, நிறைய இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்கள், 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட மாரடைப்பு வகை நோயால் சாகும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம், பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலை கொன்றவர்கள் உலகில் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர்.

புதுச்சேரி மண்ணில் இதைப் படிக்கும்போது 1936 ஜூலை 30 நினைவுக்கு வராமல் போகுமா? பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி அன்று 12 மில் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அவர்கள் இருதய ஆராய்ச்சி படித்தவர்கள் அல்ல. ஆனால் எட்டு மணி நேரத்துக்குமேல் மனித உடம்பு தாங்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறிவாளிகளுக்கு இன்னும் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் சென்னைச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று வாபஸ் பெற்றார்கள்.

மாரடைப்பு வந்தவர் மறுபடி வேலைக்குப் போகலாமா? பெரும்பாலோர் போகலாம். சில வாரம் ஓய்வு, பிறகு சிறிது சிறிதாக நடை, எக்கோ பரிசோதனையில் இருதயத்தின் பலத்தைப் பார்த்து டாக்டர் சொன்ன பிறகு வேலை. மூட்டை தூக்குவது உடனே கூடாது. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு, கேட்டு வாங்குங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்ற வரம்பை 2017இல் வைத்தார்கள், அதைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. இல்லை. வயலில் விழுகிற விவசாயத் தொழிலாளிக்கோ எந்தச் சம்பளத்திலும் இ.எஸ்.ஐ. இல்லை. ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். எந்தக் காசில் என்று அவரும் சொல்வதில்லை, சட்டமும் சொல்வதில்லை.

கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு பெண் ஒதுக்குப்புறமாக வந்து கேட்டார்: "எம் பொண்ணுக்குப் பதினாறு வயசு. தண்ணி குடம் தூக்கினா மூச்சு வாங்குது. வால்வு கெட்டுப்போச்சுன்னாங்க." இதுதான் அசல் ஏழை வியாதி. சின்ன வயதில் தொண்டைப்புண் வருகிறது, கவனிக்காமல் விடுகிறோம், பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வருகிறது, அது போய்விடுகிறது, ஆனால் இருதய வால்வைக் கடித்துவிட்டுப் போகிறது. இடுக்கமான வீடு, நெருக்கமான குடித்தனம், இவைதான் இதன் விளைநிலம். பணக்கார நாடுகளில் இது அநேகமாக ஒழிந்துவிட்டது. தடுப்பு மருந்து புதிதுமல்ல, விலை உயர்ந்ததுமல்ல: பென்சிலின். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, டாக்டர் போதும் என்கிறவரை வருஷக்கணக்கில். ஒரு ஊசியும் தவறக் கூடாது. கலியாணம், பிள்ளைப்பேறு என்று வரும்போது முன்கூட்டியே இருதய டாக்டரிடம் காட்ட வேண்டும், மறைத்துக் கலியாணம் செய்துவைத்தால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து. வால்வு மாற்ற வேண்டி வந்தால் அதற்கும் வழி உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே வால்வு செய்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டினார்கள், வெளிநாட்டு வால்வைவிடக் குறைந்த விலையில். சர்க்கார் ஸ்தாபனம் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

முடியும் என்பதற்கு இன்னொன்றும் சொல்லுவோம். 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ் வண்டிகளையும் ஒரே வலையாகக் கோத்து, இ.சி.ஜி.யை உடனுக்குடன் பெரிய டாக்டருக்கு அனுப்பி, ஒரு சோதனை நடத்தினார்கள். 2,420 மாரடைப்பு நோயாளிகள். ஒரு வருஷத்துக்குள் செத்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, இருப்பதை நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்! 2023இல் தமிழ்நாட்டு சர்க்கார் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை வைத்திருந்து, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல் டோஸைக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புவது. மூன்று மாத்திரைக்கும் ஆகும் செலவு எவ்வளவு என்று யாரும் பயப்பட வேண்டாம். 1988இல் வெளிவந்த 'ஐசிஸ் இரண்டு' என்ற ஆராய்ச்சியில் 17,187 நோயாளிகள். வெறும் ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரத்துச் சாவை 23 சதவிகிதம் குறைத்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியையும் சேர்த்தபோது 42 சதவிகிதம். அந்த ஆஸ்பிரின் ஒரு டீயின் விலைகூடப் பெறாது.

அதைக் கேட்டதும்தான் அந்த மனைவி முதல்முறையாக வாய் திறந்தார். "அன்னைக்கு அந்த மாத்திரை இருந்திருந்தா பொழைச்சிருப்பாரா?" என்று கேட்டார். நிச்சயமாகச் சொல்ல முடியாது அம்மா என்றோம். நூறு பேரில் பல பேர் பிழைப்பார்கள், அவர் அந்தப் பல பேரில் ஒருவராக இருந்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு அந்த வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அதை நிச்சயமாகச் சொல்ல முடியும்.

பாகூர், வில்லியனூர் கம்யூன்களில் உள்ள தோழர்கள் ஒவ்வொருவரும் இந்த வாரம் தங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போய் நான்கு விஷயம் விசாரியுங்கள். இ.சி.ஜி. மெஷின் இருக்கிறதா, வேலை செய்கிறதா? ராத்திரி எட்டு மணிக்குமேல் அதை எடுக்க ஆள் உண்டா? அந்த மூன்று மாத்திரைகளும் கையிருப்பில் இருக்கின்றனவா? 108 வண்டி எங்கே நிற்கிறது, உங்கள் ஊருக்கு வர எத்தனை நிமிஷம்? இருப்பது இருக்கிறது என்று எழுதுங்கள், இல்லாததை இல்லை என்று எழுதுங்கள், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். நர்ஸம்மாக்களிடம் மரியாதையாகக் கேளுங்கள், பற்றாக்குறைக்கு அவர்கள் காரணமல்ல. ஊர் பெயரும் தேதியும் போட்டு நமக்கு அனுப்பினால் அடுத்தடுத்த இதழ்களில் அப்படியே அச்சிடுகிறோம். சோரியாங்குப்பத்துத் தோழர்கள் முதலில் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.